காகிதத்தில் நான் போட்ட வலை அடையாளம்

எனக்கு எழுதத் தெரியாது; இதைச் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

நான் ஏரிக்கரையிலுள்ள தோணிரேவு குப்பத்தில் மீன் பிடிப்பவன். மழை பொய்த்து ஏரியில் மீன் அற்றுப்போன வருடம், தரகர் ஒருவர் எங்கள் குப்பத்துக்கு வந்தார். கப்பலேறி கடலுக்கு அப்பாலுள்ள பத்தாவியாவில் குடியேறலாம், ஐந்து வருடம் உழைத்தால் அந்த ஊர்க் குடிகளாகவே ஆகிவிடலாம் என்று காகிதம் நீட்டினார்.

எங்கள் வலை மிதவைகளில் வீட்டுக்கு ஓர் அடையாளம் செதுக்குவோம். எதில் நம் அடையாளம் இருக்கிறதோ அது நம்முடையது. வேறு யாரும் தொடமாட்டார்கள். காகிதமும் அப்படித்தான் என்று நம்பி என் மீன்முள் அடையாளத்தைப் போட்டேன். மச்சான் முத்துவும் தன்னுடையதைப் போட்டான்.

மறுநாள் காலை வெள்ளைக்காரர் கோட்டைக்கு அருகே ஏரிக்கரையில் வரிசையாக நின்றோம். கப்பலுக்குப் போகும் துணிமூட்டைகளில் ஒருவன் தாரால் முத்திரை குத்திக்கொண்டிருந்தான். மூட்டைகள் முடிந்ததும், வரிசையில் முதலில் நின்றவரின் தோளில் அதே முத்திரையைக் குத்தினான்.

"இன்னாத்துக்கு எங்க மேல குத்துற?" என்று கத்தினேன்.

"காணாமப் போனா எவன் சரக்குனு தெரிய வேணாமா? காயிதத்துல ஒத்துக்கினுதானே வந்துகீறீங்க?" என்றான்.

எனக்கு முன்னால் நின்ற முத்துவின் தோளில் தார் ஏறியது. நான் ஏரியில் குதித்து நீந்தித் தப்பினேன். முத்து திரும்பி வரவில்லை.

இப்போது எந்தக் காகிதத்தையும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். திரும்பி வர வழி எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். அதை வைத்து என்னைத் தேடி வரக்கூடாதென்று என் மிதவைகளிலிருந்த மீன்முள்ளைச் சீவி எடுத்துவிட்டேன். அந்த அடையாளம் போட்ட காகிதம் இன்னும் யாரிடமோ இருக்கிறது.