அரை டம்ளர் தண்ணீர்

பால் டேங்கர் ஓட்டுகிற அவரை, கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ‘டம்ளர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு கம்பி வளையம், அதில் ஒரு கண்ணாடி டம்ளர், அதில் சரியாக அரை டம்ளர் தண்ணீர். “என்னண்ணே, வண்டிக்குத் தாகமா?” என்று கேலி பண்ணாத டீக்கடை கிடையாது. மனுஷன் சிரித்துவிட்டுப் போய்விடுவார். பதில் சொன்னால்தானே வம்பு!

விஷயம் இதுதான். பால் டேங்கருக்குள்ளே தடுப்பு கிடையாது. வைத்தால் இடுக்கில் பால் தங்கிப் புளித்துப்போகும், கழுவ முடியாது. முழுசாக நிரப்பினால் பாலுக்கு ஆட இடமில்லை. பாதி நிரப்பினால் தொலைந்தோம். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் அலை முன்னும் பின்னும் ஓடிப் பெரிசாகும். ஒரே அழுத்தமாக மிதித்தால் பால் முன்பக்கம் ஏறி, சாய்ந்தபடியே அசையாமல் இருக்கும். டம்ளர் தண்ணீரும் அப்படித்தான். சரிவாக ஆடாமல் நின்றால் கால் சரி, குலுங்கினால் கால் தப்பு.

இதை அவர் கற்றுக்கொண்ட விதம் இருக்கிறதே, அது பகையாளிக்கும் வேண்டாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பண்ணை வாசலில், வண்டிதான் நின்றுவிட்டதே என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கேட்டைத் திறக்க மச்சினன் இறங்கி முன்னால் போனான். சாய்ந்திருந்த பால் பின்னால் ஓடி, திரும்பி வந்து மோதியது. வண்டி இரண்டடி தாவியது. கேட்டுக்கும் பம்பருக்கும் நடுவே மச்சினனின் முழங்கால் நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் அவனேதான் சொன்னான்: “அக்காவுக்குத் தெரிய வேண்டாம் மச்சான். ஏணியிலேர்ந்து விழுந்தேன்னு சொல்லிக்கிறேன்.” இன்றைக்கும் அவன் நொண்டுகிறான். இவர் வாயைத் திறந்ததில்லை.

அந்த அக்கா, அதாவது இவர் மனைவி, இன்று முதல்முறையாக வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தம்பி ஊர்ப் பக்கம் இன்று பஸ் இல்லை, அவனைப் பார்க்கப் போகவேண்டும். முதல் பால் டிப்போவில் பாதிப் பாலை இறக்கியாயிற்று. காலையிலிருந்து மழை வேறு. மேட்டின் உச்சியில் அவர் கியர் மாற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் புரையேறியது. கைக்கு எட்டிய டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டாள்.

“அடிப்பாவி!”

“குடிக்கிற தண்ணிதானே? அதுக்கு ஏன் முகம் இப்படிப் போகுது?”

அதற்குள் வண்டி இறக்கத்தில் இறங்கிவிட்டது. அடியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டை ஒட்டி ஒரு பஸ், பஸ்ஸை ஒட்டி ஒரு ஸ்கூட்டர். ஓட்டி வந்தவனின் முதுகோடு முதுகு சாய்த்து, மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு சின்னப் பெண் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவர் மிதித்தார். காலி டம்ளர் வளையத்தில் கிணுகிணுத்தது. பார்க்கத் தண்ணீர் இல்லை, முதுகால்தான் பார்க்கவேண்டும். பால் முன்னே ஏறிச் சாய்வதை இடுப்பில் உணர்ந்தார். ஆடாதே, அப்படியே இரு. பயம் காலை விட்டு விட்டு மிதிக்கச் சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு அதே அழுத்தத்தில் வைத்திருந்தார். ஸ்கூட்டருக்கு ஐந்தடி பின்னால் வண்டி நின்றது.

“அப்பாடா, நின்னுடுச்சு!” என்றாள் மனைவி.

“இன்னும் நிக்கல.”

பால் பின்பக்கம் ஓடியது, வண்டி முனகியது. பிறகு திரும்பி வந்து ‘தொம்’மென்று மோதியது. ஈரத் தார்ச்சாலையில் சக்கரம் சுற்றாமலே மூன்றடி வழுக்கியது.

“ஐயோ, அந்தக் குழந்தை!”

மறுபடி பின்னால். மறுபடி ‘தொம்’. இன்னும் ஓரடி. மூன்றாவது தடவை மோதியபோது வண்டி அதிர்ந்தது, நகரவில்லை. அந்தச் சின்னப் பெண் கையை நீட்டி, ஒரு விரலால் பம்பரைத் தொட்டுப் பார்த்தாள்.

அவர் பிரேக்கை மிதித்தபடியே இருந்தார்.

“காலை எடுங்களேன், நடுங்குது பாருங்க.”

“மாட்டேன். ஒருதடவை எடுத்தேன்.” “உன் தம்பி ஏணியிலேர்ந்து விழலை.”

கேட் மூடியிருக்கும்போதே முழுவதையும் சொல்லி முடித்தார். அவள் அவர் தோளில் இரண்டு அடி அடித்தாள், வலிக்கிற மாதிரியே.

“ரெண்டு பேருமா சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. போறப்பெல்லாம் அவனை, ஏணி ஏறத் துப்பில்லாதவன்னு நாலு பேர் முன்னாடி கிண்டல் பண்ணுவேனே. அவனும் ஈன்னு சிரிச்சுக்கிட்டு நிப்பானே, பாவி!” அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ரயில் போனது. கேட் திறந்து பஸ்ஸும் ஸ்கூட்டரும் நகர்ந்தன. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சீட்டுக்குப் பின்னால் இருந்த கேனை எடுத்து டம்ளரில் ஊற்றினாள். கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் வெளியே கொட்டி, அளவை அரையாக்கி வளையத்தில் வைத்தாள்.

“அவன் வீட்டு வாசல்ல நின்னப்புறமும் காலை எடுக்காதீங்க,” என்றாள். “என் குரல் கேட்டதும் ஓடிவந்து முன்னாடி நிப்பான்.”