யாரும் இடிக்காத சீசன்

பாஸ்கெட்பாலில் எல்லாரும் நமக்குக் குதிக்கத்தான் கற்றுத் தருகிறார்கள். கீழே இறங்குவது அவரவர் முழங்கால் பாடு. என் இடது முழங்கால் ஒரு முறை சரியாக இறங்கவில்லை. உள்ளே ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் ஆகி, ஒரு சீசன் முழுக்க வீட்டில் கிடந்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறேன். கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் இனம். கேளுங்கள்.

மேலேயே நின்றுவிட்டேன்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறை. மதியத் தூக்கத்தில் தினமும் ஒரே கனவு. பந்துக்காக எம்புகிறேன், மேலேயே நின்றுவிடுகிறேன். கருவடிக்குப்பம் பக்கத்து மொட்டைமாடிகளில் காயும் துணியெல்லாம் தெரிகிறது. அந்தப் பக்கம் கடல். கீழே யாரோ விசில் ஊதுகிறார்கள். எனக்கு இறங்கவே மனசில்லை.

விழித்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பறந்தது போதும் ஜோஸ்பின், எழுந்து கால நீட்டி மடக்கு. பிசியோ பொண்ணு வந்தா என்னத்தான் திட்டுவா."

வீராம்பட்டினத்தில் தேடியது

முழங்கால் அளவு கடல் தண்ணீரில் நடக்கச் சொன்னாள் பிசியோ. காலையில் வீராம்பட்டினம் போவேன். குனிந்த தலை நிமிராமல், அடுத்த அடி எங்கே வைக்கிறேன் என்று பார்த்தபடி, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. அலை வந்து காலைத் தூக்கும்போது கொஞ்ச நேரம் வலியும் இல்லை, எடையும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே நடந்தேன்.

மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா நாலைந்து நாளாக என்னைக் கவனித்திருக்கிறாள் போலிருக்கிறது. ஒரு நாள் கூடையை மணலில் இறக்கிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் வந்துவிட்டாள். "என்னா தொலச்சன்னு சொல்லு பாப்பா, நானும் சேர்ந்து தேடுறேன்."

கண்ணாடிச் சாமான்

பிராக்டீஸுக்குத் திரும்பினேன். எங்கள் டீமில் ராஜி என்று ஒருத்தி. அவள் முழங்கை பட்டு என் விலாவில் கன்றிப்போகாத வாரமே முன்பெல்லாம் கிடையாது. இப்போது நான் பந்தோடு வந்தால் ராஜி ஒதுங்குகிறாள். மற்றவர்களும் ஒதுங்குகிறார்கள். பிரான்ஸிலிருந்து சித்தி அனுப்பிய கறுப்புப் பட்டை என் முழங்காலில் இருந்தது. அதைப் பார்த்தாலே எல்லாருக்கும் கை கால் சுருங்கிவிடும். கூடையில் பந்து விழுந்துகொண்டே இருந்தது. எனக்கோ எதுவும் நடக்காத மாதிரியே இருந்தது. இடிபடாதவள் ஆட்டக்காரியே இல்லை. திரும்பி வந்தவள் ஆட்டக்காரியா, நோயாளியா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"என்னை இடிடி" என்று ராஜியிடம் கெஞ்சினேன். அவள் சொன்னாள்: "போடி, திரும்பக் காலு போச்சின்னா உங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

அழ வைத்த கூடை

முதல் மேட்ச் கடலூர்ப் பெண்களோடு. கடைசியில் கொஞ்ச நேரம்தான் கோச் இறக்கினார். பந்து கைக்கு வந்ததும் ஓடினேன். என்னைத் தடுக்க வேண்டியவள் தள்ளி நின்று கையை மட்டும் தூக்கினாள். என் கதை அவளுக்கும் தெரிந்திருக்கிறது. பந்து கூடையில் விழுந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். பெஞ்சுக்கு வந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கோச் சார் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ரெண்டு பாயின்ட் போட்டுட்டு அழற பிளேயர இப்பதாம்மா பாக்கறேன்."

இறங்கினேன்

சீசனின் கடைசி மேட்ச். எதிர் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி. என்னைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்காக இருவரும் எம்பினோம். மேலே ஒரு சத்தமும் இல்லை. சாயங்கால வானம், பந்து, என் விரல்கள், அவ்வளவுதான். பிறகு அவள் தோள் என் விலாவில் வந்து மோதியது. இடது கால் முதலில் தரையில் பட்டது, தாங்கியது. அதற்கப்புறம்தான் உருண்டு விழுந்தேன்.

"மாதாவே!" என்று, மேட்ச் பார்க்க வந்திருந்த அம்மா எழுந்து நின்று கத்தியது மட்டும் கேட்டது. நான் மல்லாந்து கிடந்தேன். விலா வலித்தது. விலா மட்டும்தான் வலித்தது! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட, அந்தப் பெண் வெளிறிப்போய் ஓடி வந்து, "ஆபரேஷன் பண்ண காலாமேக்கா" என்று கையை நீட்டினாள். அதைப் பிடித்து எழுந்தேன். "இடிச்சதுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றேன். அவள் என் முழங்காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்போ அடுத்த பாலுக்கும் இடிக்கலாமாக்கா?"

ஆக, என் இனத்தவர்களே, காலை முழுசாக நீட்டி மடக்க முடிகிற அன்றைக்கல்ல, நம்மைப் பார்த்து ஒருத்தருக்கும் பாவமாக இல்லாத அன்றைக்குத்தான் நாம் குணமாகிறோம்.