பேச்சியக்காவின் இஸ்தோப்புத் தோட்டம்

ஹட்டனில் காதர் நானாவின் கடையில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். நானா தராசைக் கீழே வைத்தார். "கிளாக்கரய்யா, ஒங்க பேச்சியக்கா தவறிட்டாங்களாம்." காலியான டின்களை எல்லாம் அக்காவுக்காக எடுத்துவைக்கிற மனிதர் அவர். அன்றும் கடை மூலையில் இரண்டு மண்ணெண்ணெய் டின்கள் காத்திருந்தன.

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவரை அறிந்தவர்களே, வம்பு பேசாமல் அஞ்சலி எழுத எனக்கு வராது. ஆகவே முதலில் வம்பு. அக்கா மகா கஞ்சம். கொத்தமல்லி கேட்டால் மூன்று இலை கிள்ளித் தருவார். "மணத்துக்குத்தானே ஐயா, வயித்துக்கா?" என்பார்.

கை இறுகியதற்குக் காரணம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் அவர் கீரை போட்டிருந்த துண்டு நிலத்திலும் தோட்ட நிர்வாகத்தார் தேயிலை நட்டுவிட்டார்கள். மிஞ்சியது வாசல் திண்ணையான இஸ்தோப்பு ஒன்றுதான். அங்கே பழைய தேயிலைப் பெட்டிகளில் தக்காளி, டின்களில் மிளகாயும் கறிவேப்பிலையும். துரை பங்களாவில் தூக்கியெறிந்த, விளிம்பு உடைந்த பீங்கான் மூத்திரச் சட்டியில் புதினா. அந்தப் புதினாவில் நான் துவையல் தின்றிருக்கிறேன், விசாரிக்காமல் தின்றேன்.

அவரைப் பார்த்து நானும் ஒரு தேயிலைப் பெட்டியில் தக்காளி வைத்தேன். உள்ளே ஒட்டிய ஈயத்தாளில் ஓட்டை போட மறந்துவிட்டேன். தண்ணீர் தேங்கிச் செடி மூழ்கியது. "தக்காளிக்கு நீச்சல் பழக்குறீங்களா ஐயா?" என்றார் அக்கா.

ஒருமுறை தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை லயம் பார்க்க வருவதாக ஏற்பாடு. இஸ்தோப்பில் ஒரு டின்கூட இருக்கக் கூடாது என்று உத்தரவு. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் என்பதால் சொல்லப் போனவன் நான்.

"எல்லாத்தையும் சாக்கடைக் கான்ல வீசச் சொல்றாங்க, அக்கா."

"மண்ணத்தான் தேயிலைக்குக் குடுத்தாச்சு. இதையும் வீசிட்டா எம் புள்ளைக வெறுஞ்சோறா திங்கும்?"

மறுநாள் மொழிபெயர்க்கத் துரையோடு போனேன். ஒவ்வொரு டின்னிலும் மஞ்சள் துணி, குங்குமப் பொட்டு. அக்கா கைகூப்பி நின்றார். "மாரியாத்தாவுக்கு நேந்துவிட்டது. தொட்டா நாளைக்கு வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஒரு ஆளும் வராதுன்னு தொரைகிட்ட சொல்லுங்க."

அதை இங்கிலீஷில் துரையிடம் சொன்னேன். துரையின் கண் வரிசையாக நகர்ந்து, பொட்டு வைத்த பீங்கானில் வந்து நின்றது. சொந்தச் சாமானை அவர் அடையாளம் கண்டுகொண்டார். அதைத் தன்னுடையது என்று எந்த வாயால் சொல்வார்? முகம் சிவந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போய்விட்டார்.

டின்கள் பிழைத்தன. ஆனால் அக்கா சொன்னதை லயமே கேட்டிருந்தது. அன்று சாயங்காலமே பெண்கள் பிரசாதத்துக்குக் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். "அக்கா, ஆத்தா தக்காளி எப்பப் பழுக்கும்?"

அக்கா என்னைப் பார்த்தார். பொய் என்றால் டின் போகும். மெய் என்றால் தக்காளி போகும். அவர்கள் போனபின் மெதுவாகச் சொன்னார்: "ஆத்தா பேரச் சொல்லிப் பொழச்சேன். இனி ஆத்தா பங்க எடுத்து வச்சிட்டுத்தான் நான் திங்கணும்."

அதன்பின் எந்தச் செடியிலும் முதல் பறிப்பு பிள்ளை பெற்ற வீட்டுக்கோ காய்ச்சல்காரர் வீட்டுக்கோ போயிற்று. அந்தத் துரை சீமைக்குப் போய், கிண்ணம் ஏந்தி வந்தவர்களும் மறந்துபோன பிறகும் அக்கா நிறுத்தவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வழக்கம் ஒன்றுதான். போன வாரம் என் வாசலில் பழுத்த முதல் தக்காளியைப் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அது அவள் முந்தானைக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு தக்காளிக்கே எனக்கு இந்தப் பாடு. மூன்று இலைக்குமேல் கிள்ள மனம் வராத அந்தப் பெண், சாகும்வரை கூடை கூடையாகக் கொடுத்தார்.