முதல் வரியோடு மூடுகிறவர்

சோப்புத்தூளைக் குழைத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுகிறார் பஞ்சர்காரர். நகக்கண்ணை முகர்ந்துகூடப் பார்த்துக்கொள்கிறார். டயர் நாற்றத்தோடு நாவலைத் தொட்டால் வீட்டுக்காரிக்கு ஆகாது. கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போய், கட்டில் ஓரமாக உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து ஒரே ஒரு வரி வாசிப்பார். உடனே டப்பென்று மூடிவிடுவார்.

வீட்டுக்காரிக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு, பேச்சும் போய்விட்டது. "எல்லாத்தையும் முன்னாடியே எடுத்துக் குடுத்துடாதீங்க. அவங்களாக் கேக்கணும், அப்பதான் வாய் திரும்பும்" என்றார் டாக்டர். தண்ணீரை எப்படித் தராமல் இருப்பது? சோற்றை எப்படித் தராமல் இருப்பது? மனுஷர் யோசித்து யோசித்துக் கடைசியில் நாவலில் வந்து நின்றார். அவளுக்கு நாவல் என்றால் உயிர். நன்றாக இருந்த காலத்தில் தட்டில் சோறு போட்டபடியே ஒரு கதையின் முதல் வரியைச் சொல்வாள், அதோடு நிறுத்திக்கொள்வாள். "அப்புறம் என்னடி ஆச்சு?" என்று இவர் கெஞ்சினால், "கண்ணு இருக்குல்ல? படிச்சுத் தெரிஞ்சுக்குங்க" என்பாள். இவர் படித்ததே இல்லை.

அதனால்தான் ஆரம்பத்தில் அந்தக் கூத்து. "உரிமை ஆசிரியருக்கே!" என்று கணீரென வாசித்து மூடுவார். அடுத்த புத்தகத்தில், "அச்சிட உதவிய நண்பர்களுக்கு நன்றி!" வாரம் முழுக்க இதே பாட்டு. எட்டிப் பார்த்த மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அப்பா, அது கதையே இல்ல. 'ஒன்று'ன்னு போட்டிருக்குல்ல, அதுக்குக் கீழ!"

"மொதல்லயே சொல்லக் கூடாதா? உங்கம்மா என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பா!"

இப்போது விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, சரியான வரியை வாசிக்கிறார். "கப்பலிலிருந்து இறங்கியவன் முதலில் விசாரித்தது தன் கல்லறை எங்கே என்றுதான்." டப். "செத்துப்போனாள் என்று எல்லாரும் அழுது முடித்த பிறகு மூத்தவளிடமிருந்து தபால் வந்தது." டப். அவள் கண் மட்டும் கோபத்தில் உருளும்.

பார்க்க வந்த அவள் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "கல்நெஞ்சுக்காரர் மாமா நீங்க. ரெண்டு பக்கம் படிச்சாத்தான் என்ன, கொறஞ்சா போயிடும்?"

"நீ சும்மாயிரு மாப்ள. ரெண்டாவது வரி வேணும்னா உங்கக்கா வாயால கேக்கட்டும். அதுவரைக்கும் அந்தக் கப்பல்காரன் துறைமுகத்துலயே நிக்கட்டும்."

அன்று எடுத்தது அவளுக்கு ரொம்பப் பிடித்த நாவல். படித்துப் படித்தே அட்டை பிய்ந்திருந்தது. "வீட்டுச் சாவி குளத்தில் விழுந்த அன்றுதான் அவளுக்கு வரன் அமைந்தது." மூடப் போனார். மூட முடியவில்லை. அவளுடைய இடக்கை விரல்கள் பக்கங்களுக்கு நடுவே கிடந்தன.

"பாவம், படிங்க மாமா."

"கை கேட்டாப் பத்தாது" என்றார். "வாயத் தொறந்து கேளுடி."

அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. "மே..." என்றாள். எச்சில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "மே... ல."

வெளியே யாரோ கடைப் பலகையைத் தட்டி, "பஞ்சர் ஒட்டணும்! ஆள் இருக்கா?" என்று கத்தினார்கள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, இரண்டாம் வரியில் விரலை வைத்தார்.