ஈரத் தரை

துடைத்த தரையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருக்கிறார் மாசாணியம்மாள். கணபதிப் பகுதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன அரசு ஆஸ்பத்திரியின் நர்ஸ். ஐம்பதை நெருங்குகிற வயது. நடையில் அது தெரியாது. பெருக்குகிறவர் மதியமே போய்விடுவதால் சாயங்காலம் துடைக்கிற வேலையைத் தானாகத் தலையில் போட்டுக்கொண்டவர். பினாயில் வாசம் எதிர் பேக்கரி வரைக்கும் வரும். அங்கே டீ குடிக்கிற எனக்குப் பன்னிலும் அதே வாசம்தான்.

காலையில் பெண்களும் குழந்தைகளுமாக அங்கே நிற்க இடம் இருக்காது. பட்டறை ஆண்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களுக்காகவே டாக்டர் சண்முகப்பிரியாவை நச்சரித்து, சாயங்காலமும் திறக்க வைத்தவர் இவர். திறந்து வைத்து ஈ ஓட்டுகிறார்கள். இப்படியே போனால் இந்த மாதத்தோடு சாயங்கால வேளையை நிறுத்தச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் வாடிவிடுகிறது.

"வந்தவங்களையே கேட்டுட்டிருந்தா என்னங்க தெரியும்? வராதவங்களக் கேக்கோணும்" என்று நேற்று நேராகப் பேக்கரிக்கே வந்துவிட்டார். மாட்டியவர் லேத் ஓட்டும் ஆறுச்சாமி. சர்க்கரை வியாதிக்காரர். இரும்புச் சுருள் கிழித்த காலில், ஆறாத புண்ணுக்கு மேல் துணி சுற்றியிருந்தார்.

"ஏனுங்ண்ணா, ரோட்டுக்கு எதுக்காலதான இருக்கறோம்? ஊசின்னா பயமுங்களா?"

"அட, நீங்க வேற அம்மணி. ரெண்டு தடவ வாசப்படி வரைக்கும் வந்தனுங்க. பளபளன்னு தொடச்சு வெச்சிருக்கறீங்க. இந்த ஆயில் காலோட எப்படீங்க மிதிக்கறது? காயட்டும்னு நின்னு பாத்துப்போட்டுத் திரும்பிட்டனுங்க. எங்காளுக எல்லாருமே அப்படித்தானுங்க."

மாசாணியம்மாள் எதிரே தெரிந்த தன் ஆஸ்பத்திரி வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நானே தொடச்சுத் தொடச்சுத் தொரத்தியுட்டனாட்ட இருக்குதுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பார்த்த எனக்குத்தான் பாவமாக இருந்தது.

இன்று வாசல் குழாயடியில் சோப்புத்தூள் வந்துவிட்டது. பட்டறைகளில் கை துடைக்க வைத்திருப்பார்களே, அதே பனியன் வேஸ்ட்டும் ஒரு மூட்டை. "ஒருத்தர் உள்ள வந்துட்டா மத்தவங்க தானா வருவாங்கங்க" என்கிறார். பழக்கதோஷம், தரையை மட்டும் இன்றைக்கும் துடைத்துவிட்டார்.

பட்டறைகள் விட்டன. ஆறுச்சாமி வந்தார், பின்னால் இன்னும் நாலைந்து பேர். கை கால் கழுவித் துடைத்த பிறகும், மின்னும் தரையைப் பார்த்துப் படியிலேயே தயங்கி நின்றார்கள்.

மாசாணியம்மாள் செருப்பைக் கழற்றினார். குழாயடிச் சேற்றில் இரண்டு காலையும் அழுந்த வைத்தார். அந்தக் காலோடு தன் ஈரத் தரையில் டாக்டர் அறை வரைக்கும் நடந்துபோய், திரும்பி, "வாங்ண்ணா" என்றார்.

ஆறுச்சாமி துணி சுற்றிய காலை முதலில் எடுத்து வைத்தார்.