மொன்டா வீட்டு வாசலில் ஒரு பால் புட்டி

எங்கள் வெந்நீர்க் குளியல்கூடத்தில் காசு வாங்கும் மேடை என்னுடையது. அங்கே உட்கார்ந்தால் ஆண்கள் பக்கமும் தெரியும், பெண்கள் பக்கமும் தெரியும். பார்த்தவள் சொல்கிறேன்: டோக்கியோவின் அந்தத் தெருவில் ஹிதாகா சோகிச்சியைவிட ஒல்லியான மனிதரும் இல்லை, தோஃபு கடை கொன்சோவைவிடப் பெரிய தொந்தியும் இல்லை. கொன்சோ தொட்டியில் இறங்கினால், வழிகிற தண்ணீரில் தெருக்கோடி வரை வாசல் கழுவலாம்.

அந்தத் தொந்தியைப் பார்த்துத்தான், சித்திரக்கதை வரையும் சோகிச்சி மொன்டாவைப் படைத்தார். வயிற்றைத் தட்டித் தாளம் போடும் தானுகி அவன்; நாய்க்கும் நரிக்கும் நடுவாந்தரமான பிராணி. வாராவாரம் பத்திரிகையில் அவன் செய்த சேட்டைக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிடித்த கதை எதுவென்று வாசகர்கள் அஞ்சலட்டை போடுவார்கள். அட்டை குறைந்தால் கதைக்கு ஆயுள் குறைந்தது என்று அர்த்தம். மொன்டாவுக்குக் குறைந்தது. இந்த வாரத்தோடு முடித்துவிடச் சொன்னார் பத்திரிகை ஆசிரியர்.

கடைசிப் பக்கத்தை வரைந்த சோகிச்சி, ஆபீசுக்குப் போகும் வழியில் என்னிடம் காட்டினார். வீட்டைப் பூட்டிவிட்டு மொன்டா நடக்கிறான். மலைமேல் பாதிச் சூரியன். அச்சில் வந்ததும் என் சுவரில் ஒட்ட வேண்டுமாம்.

"ஒட்ட மாட்டேன். சாயுற சூரியன எந்தக் குளியல்கூடச் சுவத்துலயாவது பாத்திருக்கீங்களா? யாவாரமும் கூடவே சாஞ்சிரும்."

"பெத்த புள்ளய வழியனுப்புறேன், நீங்க யாவாரம் பேசுறீங்களேம்மா."

இடுப்புத் துண்டோடு கொன்சோ எட்டிப் பார்த்தார். கறுப்பு மையில் உதிக்கிற சூரியன் எது, சாய்கிற சூரியன் எது என்று கேட்டார்.

"வாசல்ல ஒரு பால் புட்டி வைங்க வாத்தியாரே. பால்காரன் சாயங்காலமா வர்றான்? விடிஞ்சிரும்."

சோகிச்சி என் மேடையிலேயே பேனாவைத் திறந்தார். மொன்டா வீட்டு வாசலில் ஒரு புட்டி நேராக நின்றது.

ஆசிரியர் கண்ணுக்கு அது தப்பியது, பிள்ளைகள் கண்ணுக்குத் தப்பவில்லை. விடியற்காலையில் கிளம்பியவன் எங்கே போகிறான் என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். அட்டைகளின் பாரத்தில் ஆபீஸ் மாடியே சாய்ந்துவிட்டது என்பார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம்தான் சாய்ந்தது.

ஆசிரியரே மூச்சிரைக்க ஓடி வந்து, மொன்டா எங்கே என்றார். கழுத்தளவு வெந்நீரில் இருந்த சோகிச்சி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பால் கெடுறதுக்குள்ள வந்துருவான்."

வந்தான், பல்லாண்டு இருந்தான். அந்தக் கடைசிப் பக்கம் என் சுவரில் ஏறியது. புட்டி தன் யோசனை என்று கொன்சோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மொன்டாவின் தொந்தி மட்டும் யாருடையது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.