இத்தாலியக் கடற்கரைக்கு ஒரு விண்ணப்பம்

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் என் மகன் வீட்டில், கோடை விடுமுறைக்குக் கடற்கரை தேர்ந்தெடுக்கும் பணி மூன்று வாரமாக நடந்து வருகிறது. அது ஐரோப்பாவில்தான் இருக்க வேண்டும் என்பது முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. முக்கால் மணி நேரம் காரில் போனால் இங்கேயே ஒரு கடல் இருக்கிறது என்று நான் சொன்னது குறிப்பில் ஏறவில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் தொலைக்காட்சித் திரையில் கிரீஸ் வரும், போர்ச்சுகல் வரும். மணலா கூழாங்கல்லா, தண்ணீர் குளிருமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று விவாதம் நடக்கும். பிறகு வாக்கெடுப்பு. நான் ஆட்சியர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை அங்கே பார்த்ததில்லை.

போன சனிக்கிழமை இத்தாலி வந்தது. நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட குடைகள் கரையோரம் வரிசையாக நின்றன. அந்தக் குடைகளை எனக்கு ஒன்பது வயதிலிருந்தே தெரியும்.

அப்போது நாங்கள் உறையூரில் இருந்தோம். சித்தப்பாவும் எங்களோடு இருந்தார். கல்யாணமாகவில்லை, வேலை கிடைத்ததும் ஆகும் என்றார்கள். வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். நடுநடுவே, கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதுபோல, தில்லியில் இருந்த வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் எழுதுவார். அவர்கள் பெரிய மனதோடு வண்ணப்படப் புத்தகங்களை இலவசமாக அனுப்பிவைப்பார்கள். தபால்காரர் எங்கள் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மரியாதை காட்டியது அவருக்கு மட்டும்தான்.

ஒரு மார்ச் மாதம் அந்தப் புத்தகங்களைக் கூடத்தில் பரப்பி, "பரீட்சை லீவுக்கு எங்க போகலாம், நீயே சொல்லு" என்றார். நான் இரண்டு நாள் யோசித்தேன். கிரீஸில் பாறை அதிகம். ஸ்பெயினில் ஒரு படத்தில் காளை இருந்தது. இத்தாலியைத் தேர்ந்தெடுத்தேன், வெயில் அடித்தால் குடை இருக்கிறது. சித்தப்பா என் தீர்ப்பைப் பாராட்டி, எங்கிருந்தோ பாஸ்போர்ட் விண்ணப்பப் படிவங்கள் வாங்கி வந்து, முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பினார். எனக்குப் புகைப்படம்கூட எடுத்தார்.

ஒவ்வொரு மே மாதமும் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு தேனியில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விடுவாள். அப்பாவும் பின்னாலேயே வந்துவிடுவார். சித்தப்பா மட்டும் வரமாட்டார். வேலை இல்லாத ஆண்பிள்ளை அண்ணியின் பிறந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்பது எங்கும் எழுதாத விதி. வீட்டுக்கு ஆள் வேண்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொள்வோம்.

அந்த ஏப்ரல் கடைசியில் அவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை உண்டுடா. மே மாசம்தான் வருவாங்க. வர்றப்ப நீ நேர்ல இருக்கணும். தேனிக்குப் போயிட்டேன்னு வை, 'ஆள் இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. அப்புறம் இத்தாலியாவது ஒண்ணாவது."

நான் தேனிக்கு வரமாட்டேன் என்று தரையில் புரண்டேன். காரணம் சொல்லவில்லை, அரசாங்க விஷயம் ரகசியம் என்று சித்தப்பா எச்சரித்திருந்தார். அம்மாவுக்குத் திகைப்பு. "உங்க சித்தப்பா வைக்கிற உப்புமாவ ரெண்டு நாள் தின்னு பாரு, தானா வருவே" என்று சொல்லிவிட்டு, தங்கையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது. மொட்டை மாடியில் போர்வை கட்டிக் குடை போட்டோம். ஆற்று மணல் கொண்டுவந்து கொட்டினார். இத்தாலியில் யாராவது கூப்பிட்டால் எப்படிக் கையசைக்க வேண்டும் என்று பழகிக்கொண்டோம். அவ்வப்போது நான் வாசலுக்கு ஓடி, போலீஸ் வருகிறதா என்று பார்ப்பேன்.

நான்காம் நாள், பம்பரக் கயிறு தேடி அவர் பெட்டியைத் திறந்தேன். இரண்டு படிவங்களும் மடிப்புக் கலையாமல் அங்கேயே இருந்தன. அனுப்பாத விண்ணப்பத்துக்கு விசாரணை வராது என்பது ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது. பின்னாளில் அலுவலகத்தில் நல்ல பெயர் எடுத்ததற்கு அதுவே அடிப்படை.

"இத அனுப்பவே இல்லையே. பொய்தானே சொன்னீங்க?"

"ஆமாடா" என்றார்.

அம்மாவிடம் போகவேண்டும் என்று அழுதேன். மறுநாள் காலையில் சித்தப்பா என்னைத் தெரிந்த கண்டக்டர் ஒருவரின் வண்டியில் உட்காரவைத்தார். தேனியில் மாமாவின் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருந்தது. வண்டி கிளம்புமுன் சித்தப்பா ஜன்னல் வழியாக ஒரு தபால் அட்டையை நீட்டினார். தன் விலாசத்தை அவரே எழுதியிருந்தார். "போய்ச் சேந்ததும் ரெண்டு வரி போடு" என்றார்.

தேனியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வீடே சிரித்தது. அதன்பின் சாகும்வரை அவருக்கு 'இத்தாலி' என்றே பெயர். தபால் அட்டையில் தங்கை காளை வரைந்தாள்.

இங்கே போன சனிக்கிழமை, என் பேத்தி என் கையைத் தூக்கிவிட்டு, "தாத்தா, யூ கெட் அ வோட் டூ" என்றாள். மகன் தொண்டையைச் செருமினான். "அப்பா, எங்களுக்கு விசா வேணாம், உங்களுக்கு வேணும். ஹூஸ்டன்ல விசா இன்டர்வியூவுக்கு ஸ்லாட்டே இல்லையாம். நெக்ஸ்ட் இயர் கண்டிப்பா பிளான் பண்ணலாம்." மருமகள், "மாமா வீட்ல இருந்தா நமக்கும் நிம்மதி. செடிக்குத் தண்ணி விடற ஸ்பிரிங்க்ளர் வேற மக்கர் பண்ணுது" என்றாள்.

அன்று காலைதான் விசா நேர்காணலுக்கான இணையப் பக்கத்தை நான் பார்த்திருந்தேன். இரண்டு நேரங்கள் காலியாக இருந்தன. சொல்லவில்லை. இத்தாலிக்கு வாக்களித்தேன்.

"வாட் வில் யூ டூ ஆல் அலோன்?" என்றாள் பேத்தி. ஒரு கணம் எனக்கு ஒரு விதிமுறை வாய்வரை வந்துவிட்டது. எட்டு வயதுக் குழந்தை இங்கேயே இருந்தாக வேண்டும் என்று, பிரிவு எண்ணோடு, யாரும் சந்தேகப்படாதபடி என்னால் சொல்ல முடியும். விழுங்கிவிட்டேன்.

தேனிக்குக் கிளம்பிய அந்தக் காலையில், உறையூர் பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி திரும்பும்போது நான் எட்டிப் பார்த்தேன். சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பாமல், அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸில் அவரும் எங்கோ போகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.